சந்தாவா, பங்கா?

நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் இப்பொழுது ஒரு யோசனை அடிபட்டு வருகிறது. சங்கம் பணமுடையில் இருக்கிறது. ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு தொகையைச் சங்கத்துக்குச் செலுத்தவேண்டும் என்பதே அந்த யோசனை. சேர்ந்த நாளில் செலுத்திய நுழைவுக் கட்டணம், எப்பொழுதோ எடுத்த ஒன்றிரண்டு பங்குகள், இவற்றுக்கு மேல் இதுநாள்வரை எதுவும் கேளாதிருந்த சங்கம் இப்பொழுது கை நீட்டுகிறது. கேட்கலாமா, கூடாதா என்பது ஒரு கேள்வி. கேட்பதாயின் எந்த முறையில் கேட்பது என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வியைப்பற்றிக் காரசாரமான விவாதம் நடக்கிறது. இரண்டாவதைப்பற்றி வாய் திறப்போரைக் காணோம். நம் கருத்தில் இரண்டாவதே பெரிது.

பணமுடைக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசினால் சரிகை. 2025ஆம் ஆண்டில் வெள்ளியும் பொன்னும் முன்பு எக்காலத்தும் காணாத விலைக்கு ஏறின. சேலை நெய்பவர் சரிகையைத் தம் கைப்பணத்தில் வாங்குவதில்லை. பாவும் ஊடையும் சரிகையும் சங்கந்தான் நிறுத்துக் கொடுக்கிறது. அந்த நிமிஷம் முதல், சேலை விற்றுக் காசாகிற நாள் வரையில், சங்கத்தின் முதல் தறிக்குழியிலும் அலமாரியிலும் முடங்கிக் கிடக்கிறது. தள்ளுபடி விற்பனையிலோ, வாங்குவோருக்குச் சங்கம் முதலில் விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னர் அரசாங்கத்தினிடம் கணக்கு அனுப்பிப் பெறவேண்டும். வந்து சேரும்வரை மத்திய வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2020இல் ஊரடங்கு வந்து கலியாணங்கள் சுருங்கியபோது, விற்காத சேலை எப்படி ஒரு சங்கத்தின் கழுத்தைப் பிடிக்கும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். நிர்வாகிகள் நாணயமானவர்களாய் இருந்தும் சங்கங்கள் திணறின. ஆகவே பணமுடை என்றதும் யாரோ தின்றுவிட்டார்கள் என்று பேசத் தொடங்குவது நியாயம் ஆகாது. சில இடங்களில் தின்றும் இருக்கிறார்கள்; அது வேறு அத்தியாயம்.

மறுபக்கத்தாரின் வாதமும் லேசானதன்று. தறி ஓடினால்தான் கூலி, கூலி வந்தால்தானே சந்தா என்கிறார்கள். கோர்வைச் சேலை நெய்யப் பக்கத்தில் ஓர் ஆள் துணை வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ மனைவியோதான். தார் சுற்றுவதும் வீட்டாரே. இத்தனை கைகளும் சேர்ந்து பெறுவது ஒரு கூலி. அதிலும் ஒரு விள்ளல் கேட்பதா? தனியார் முதலாளியிடம் போனால் சந்தா இல்லை, மகாசபை இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, முன்பணமும் கிடைக்கும். இந்தப் பேச்சைப் பிள்ளையார்பாளையத்துத் திண்ணைகளில் நாம் கேட்டதுண்டு. பதில் சொல்ல எளிதான பேச்சன்று.

இருந்தும், கேட்கலாம் என்பதே நம் கட்சி. பெரிய காஞ்சிபுரத்துக்காரருக்கு இது புதிய சங்கதியும் அன்று. 1904 மார்ச்சில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே நாட்டின் முதலாவது நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. பம்பாயில் அன்று, கல்கத்தாவில் அன்று, நம் காஞ்சிபுரத்தில். கிராமத்தார் பக்கத்தில், அதே ஆண்டில், திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகளின் சங்கம் பதிவாயிற்று. இவ்விரண்டும் வெறும் சட்டத்தினால் முளைத்தவை அல்ல. அதற்கு வெகு முன்பே சென்னை மாகாணத்தில் நிதிகள் என்ற ஸ்தாபனங்கள் இருந்தன. மாதா மாதம் சிறு தொகை கட்டுவது, கட்டியவர்களுக்குள்ளேயே கடன் கொடுப்பது என்பது அவற்றின் முறை; மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு 1872இல் தோன்றியது. சென்னை அரசாங்கம் அனுப்ப, ஐரோப்பிய நாடுகளின் கடன் ஸ்தாபனங்களைப் பார்த்துவந்து 1895இலும் 1897இலும் அறிக்கை கொடுத்த பிரெடரிக் நிக்கல்சன் இந்த நிதிகளையும் ஆராய்ந்தார். இங்கே மக்களுக்கு மாதச் சந்தா கட்டும் பழக்கம் உண்டு. அதைக் கடன் வாங்குவோரே ஆளும் சங்கமாக மாற்ற ஆள் வேண்டும் என்ற இடத்தில் அவர் எண்ணம் வந்து நின்றது. கையில் இல்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்து நடத்தும் வித்தை நம் ஊரில் நூற்றாண்டு கடந்தது. இன்று அதை மறந்து, சங்கம் கேட்டால் அதிசயப்படுகிறோம்.

உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தாய்வீடு என்று எல்லோரும் சொல்லும் ராச்டேலைப்பற்றி நம் வகுப்புகளிலும் விழாக்களிலும் பேசாத நாள் இல்லை. ஆயினும் அங்கே நடந்ததில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதியைப் பேசுவதில்லை. இங்கிலாந்தின் வடக்கே கம்பளித் துணி நெய்யும் ஊர் ராச்டேல். 1840களைப் பசிக் காலம் என்றே அந்நாட்டுச் சரித்திரம் குறிக்கிறது. 1843இன் இறுதியில் பிளானல் நெசவாளர் கூலி உயர்வு கேட்டுத் தோற்றார்கள். தோற்றவர்கள் கூடிச் செய்த தீர்மானம் என்ன? ஆளுக்கு வாரம் 2 பென்ஸ் கட்டுவது. வேலை போயும் கூலி குறைந்தும் இருந்த காலத்தில் செய்த தீர்மானம் இது! பின்னர் அதை 3 பென்ஸாக உயர்த்தினார்கள். ஊரை மூன்று வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒருவராக வசூலிப்போரை நியமித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீடு வீடாகச் சென்று வாங்கினார்கள். பலருக்கு அந்தப் பென்ஸைக் கொடுப்பது அரும்பாடாய் இருந்தது. 28 பேருக்கு 28 பவுன் என்று மூலதனம் சேர்ந்தது. 1844 டிசம்பர் 21ஆம் நாள் தோட் லேன் என்ற சந்தில் கடை திறந்தபோது, உள்ளே இருந்த சரக்கு கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி. தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று கேலி செய்தார்கள். அந்த 28 பேரில் நெசவாளரும் இருந்தார்கள், பிற தொழிலாளரும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமான ஒருவரான சார்லஸ் ஹவர்த் பாவு ஓட்டும் தொழிலாளி என்பதை நம் அன்பர்கள் கவனிக்கவேண்டும்.

அந்த 2 பென்ஸின் விசேஷம் அது சிறு தொகை என்பதில் இல்லை. செலுத்தியவர் பெயரில் அது நின்றது. ஒரு பவுன் சேர்ந்ததும் அது பங்காயிற்று. பங்குக்கு வட்டி, கொள்முதலுக்கு ஏற்ப ஆதாயப் பங்கீடு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு என்று விதி செய்தார்கள். வாரந்தோறும் கொடுத்தது செலவாகிக் காணாமற்போன பணமன்று. கடையின் சுவரில் தம் பெயரில் ஏறிய செங்கல். இந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டால் நம் விவாதத்தில் பாதி முடிந்துவிடும்.

சந்தா என்ற சொல் நமக்கு இந்துஸ்தானி வழியாக வந்தது. பத்திரிகைக்குச் சந்தா, மன்றத்துக்குச் சந்தா, உற்சவத்துக்குச் சந்தா என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பத்திரிகைக்குச் சந்தா கட்டியவருக்குப் பத்திரிகை வரும். அதில் என்ன அச்சிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை வராது. ஆண்டு முடிந்தால் கணக்கு முடிந்தது. அது விலை. பங்கு என்பது வேறு: அது உடைமை. திரும்பப் பெறலாம், வாரிசுக்கு எழுதி வைக்கலாம், அதன் பெயரால் கணக்குக் கேட்கலாம். சங்கங்களில் இப்பொழுது அடிபடும் யோசனையில் இவ்விரண்டில் எது என்பது தெளிவாக இல்லை. சந்தா என்றே சொல்கிறார்கள், பொதுச் செலவுக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால், நேற்றுவரை சங்கத்தின் சொந்தக்காரராய் இருந்த நெசவாளர் நாளைக்குச் சங்கத்தின் வாடிக்கைக்காரர் ஆவார். வாடிக்கைக்காரருக்கு வேறு கடை தேடிப் போகும் உரிமை உண்டு, போய்விடுவார்.

இலவசமாய் நடந்த ஸ்தாபனம் பணம் கேட்கும்படி ஆனதற்கு ஜெர்மனியில் நல்ல உதாரணங்கள் உண்டு. 1850இல் டெலிட்ஸ் என்ற சிற்றூரில் ஷூல்ஸ் என்ற நீதிபதி கைத்தொழிலாளருக்காக ஒரு கடன் சங்கம் ஏற்படுத்தினார். பணம் ஊர்ச் செல்வர் கொடுத்தது, வட்டியும் இல்லை. பெற்றவர்களுக்கு அது பிச்சையாகவே தோன்றியது, கொடுத்தவர்களுக்கோ விரைவில் அலுத்துவிட்டது. பக்கத்து ஊரான ஐலன்பர்கில் அதே ஆண்டு தொடங்கிய சங்கம் அங்கத்தினரே பணம் கட்டி, அங்கத்தினரே கூட்டாகப் பொறுப்பேற்கும் முறையில் நடந்து வலுத்தது. 1852இல் ஷூல்ஸ் தம் சங்கத்தையும் அந்த முறைக்கு மாற்றினார். ரைபைசன் கதையும் ஏறக்குறைய இதுவே. 1846, 47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் செல்வரிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்துத் தொடங்கிய அவர், பல ஆண்டு அனுபவத்துக்குப் பின், 1864இல் ஹெடஸ்டார்பில், உதவி பெறுவோரே அங்கத்தினராகி ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்கும் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். இரு பெரியோரும் கொடையாளரின் தயவை விட்டு நீங்கியதனாலேயே நிலைத்தார்கள். ஆனால் நீங்கும்போது அவர்கள் ஒன்றைக் கேட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பணமும் பொறுப்பும் கேட்டார்கள், ஆட்சியைக் கொடுத்தார்கள்.

நம் மாகாணத்தில் பணநெருக்கடி என்றால் முதியோர் நெடுநாள் வரை ஆர்பத்நாட் என்ற ஒரே பெயரைத்தான் சொல்லிவந்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. உத்தியோகஸ்தர், விதவைகள், கோயில் தர்மப் பணம் வைத்தோர் என்று எத்தனையோ பேரின் சேமிப்பு அதில் கரைந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு அது என்ன ஆறுதல்? அந்த அதிர்ச்சியில் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் நம்மவரிடமே பங்கு சேர்த்து 1907இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தார்கள். ராச்டேலிலும் இப்படி ஒன்று நடந்தது. 1849இல் அவ்வூர்ச் சேமிப்பு வங்கி மோசடியினால் முறிந்தது. அதற்கு முன் ஆண்டு 140 பேராய் இருந்த சங்கத்தின் அங்கத்தினர் 1849இல் 390 பேர், 1850இல் 600 பேர் ஆனார்கள். நெருக்கடியில் மக்கள் பணத்தை இறுக முடிந்துகொள்வார்கள் என்பது பாதி உண்மையே. தாம் கண்காணிக்கக்கூடிய இடம் ஒன்று இருக்குமானால், நெருக்கடியில்தான் அவிழ்த்து அங்கே கொடுப்பார்கள்.

அப்படியானால் நம் நெசவாளர் ஏன் தயங்குகிறார்? இதற்குப் பதில் சங்கங்களின் பிறப்பிலேயே இருக்கிறது. 1952, 53ஆம் ஆண்டுகளில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் தவித்தபோது, ஆலைத் துணிமீது கெஜத்துக்கு 3 பை தீர்வை விதித்து ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். காஞ்சியில் பிறந்த அண்ணா முதலானோர் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்ற காலம் அது. அந்த நிதியிலிருந்து நெசவாளர் பங்கு வாங்கவே கடன் கொடுத்தார்கள். பங்குத் தொகையில் பெரும்பகுதி கடன். நெசவாளர் கையிலிருந்து போனது சிறு பகுதி. வேறு வழியில்லாத காலத்தில் செய்த நல்ல காரியம் அது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனால் ஆயிரமாயிரம் தறிகள் கூட்டுறவுக்குள் வந்தன. 1954இல் வெளியான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவு கொடுத்தது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியது என்று கண்டு, அரசாங்கமே சங்கங்களில் பங்கு எடுக்கவேண்டும் என்று சொல்லிற்று. அதுவும் நடந்தது. பணம் வந்தது, பணத்தோடு ஒரு மனப்பான்மையும் வந்தது. நம் மக்கள் வாயில் நம் சங்கம் என்ற சொல் குறைந்து சர்க்கார் சங்கம் என்ற சொல் மிகுந்தது. கடனாக வந்த உடைமைக்குக் காவல் இருக்க யாருக்கு மனம் வரும்?

தணிக்கைக்கும் விசாரணைக்கும் செல்லும்போது அங்கத்தினரைத் தனியே பார்த்து இரண்டு கேள்வி கேட்பது நம் வழக்கம். உம் பங்குத் தொகை எவ்வளவு? சென்ற ஆண்டு சங்கத்துக்கு லாபமா, நட்டமா? முதற் கேள்விக்குச் சரியான விடை சொல்வோர் அரிது. இரண்டாவதற்கு, உங்களுக்குத் தெரியாததா ஐயா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். ஒரு சங்கத்தின் கூலிப் பட்டியலில் இதரப் பிடித்தம் என்று ஒரு பத்தியைக் கண்டோம். ஒவ்வொரு சேலைக் கூலியிலும் சிறு தொகை கழிந்திருந்தது. எழுத்தருக்கு அது முன்பிருந்தே இருக்கிறது என்பதற்கு மேல் தெரியவில்லை. நெசவாளருக்கு, சங்கத்தில் பிடிக்கிறார்கள் என்பதற்கு மேல் தெரியவில்லை. பேரேட்டில் தேடியதில் ஒரு பகுதி கட்டட நிதி, ஒரு பகுதி பழைய முன்பணம் வசூல், எஞ்சியது இன்னதென்று தலைப்பில்லாத வரவு. பணம் எங்கும் போய்விடவில்லை; உள்ளேதான் இருந்தது. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தம் கூலியிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்த மனிதர், தாம் ஒன்றும் கொடுப்பதில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இதைவிடப் பெரிய நட்டம் ஐந்தொகையில் ஏறுவதில்லை. நாளைக்கு மாதச் சந்தா என்று கொண்டுவந்து இதே பத்தியில் சேர்த்துவிட்டால், அதுவும் இந்தக் கதியையே அடையும்.

தொகையைப்பற்றியும் மயக்கம் வேண்டாம். 300 அங்கத்தினர் உள்ள சங்கம் ஆளுக்கு மாதம் 50 ரூபாய் வசூலித்தால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். இன்றைய பட்டுவிலையிலும் சரிகை விலையிலும் இது எத்தனை சேலைக்குக் காணும்? விரல்விட்டு எண்ணலாம். சந்தாவினால் சங்கத்தின் கடன் தீர்ந்துவிடும் என்று மேடையில் சொல்லும் நிர்வாகி ஒன்று கணக்கு அறியாதவர், அல்லது அறிந்தும் சொல்லாதவர். அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. சொந்த மூலதனம் உயர்ந்தால் சங்கம் வாங்கத்தக்க கடனின் எல்லையும் உயர்கிறது என்பது ஒன்று. மாதந்தோறும் கொடுப்பவர் மாதந்தோறும் கேட்பார் என்பது மற்றொன்று. விற்காத சேலை எத்தனை, எந்த ரகம், ஏன் அந்த ரகத்தையே மேலும் நெய்யக் கொடுத்தீர்கள் என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு அஞ்சும் நிர்வாகக் குழு சந்தா கேளாதிருப்பதே அதற்கு நல்லது.

எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைப்பதையும் நாம் ஆதரிக்கவில்லை. மாதம் முழுதும் தறி ஓடினவருக்கும், பாவு கிடைக்காமல் இருபது நாள் சும்மா இருந்தவருக்கும் 50 ரூபாய் ஒன்றாகாது. இதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. 1975இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில், நெசவாளர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா செலுத்த, அரசாங்கம் 4 பைசா சேர்த்தது. கூலிக்கு ஏற்ற பிடித்தம், கூலி இல்லையேல் பிடித்தம் இல்லை, பிடித்த பணம் அவர் பெயரிலேயே வட்டியோடு வளரும். கொள்கை அளவில் இதைவிடச் சிறந்த சந்தா முறையை நாம் கண்டதில்லை. சங்க மூலதனத்துக்கான பிடித்தத்தையும் இவ்வழியிலேயே வைக்கலாம். ரூபாய்க்கு 2 பைசா என்று மகாசபை தீர்மானிப்பதாகக் கொள்வோம். 6,000 ரூபாய் கூலி பெற்றவர் 120 ரூபாய் கொடுப்பார், 1,500 பெற்றவர் 30 ரூபாய் கொடுப்பார், தறி நின்றவர் ஒன்றும் கொடார். தறி நின்றது சங்கம் பாவு கொடாமையால் என்றால், அவரைப் பாக்கிதாரர் என்று எழுதுவது அநியாயத்திலும் அநியாயம்.

பாக்கி என்ற சொல் வந்ததால் இதையும் சொல்லிவிடவேண்டும். சந்தா கட்டாதவருக்குப் பாவு இல்லை என்ற நிபந்தனையைச் சிலர் யோசனையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். வசூல் சுளுவாகும் என்பது அவர்கள் எண்ணம். வேலைக்காக ஏற்பட்ட சங்கம் வேலையையே பிணையாகப் பிடிப்பது லேவாதேவிக்காரர் முறை. அவரிடமிருந்து தப்பத்தான் நம் முன்னோர் 1904இல் பதிவு அலுவலகப் படியேறினார்கள். முதியவர், நோயாளி, கணவரை இழந்து அங்கத்தினராய் இருக்கும் பெண்கள் ஆகியோரின் வாக்குரிமைக்கு இந்தச் சந்தாவினால் ஒரு மயிரிழை ஊறும் வரலாகாது.

இது சந்தா அன்று, பங்கு என்று மகாசபையில் திட்டமாகச் சொல்லித் துணைவிதியைத் திருத்தி, திருத்தத்தைப் பதிவு செய்த பின்னரே முதற்காசைப் பிடிக்கவேண்டும். துணைவிதியில் இடமில்லாத வசூலை நாம் தணிக்கையில் ஏற்கமாட்டோம் என்பதை இப்பொழுதே நண்பர்களுக்குச் சொல்லிவைக்கிறோம். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பாஸ் புத்தகம் வேண்டும். கூலி கொடுக்கும் அன்றே, அவர் கண்ணெதிரே, அதில் வரவு எழுதவேண்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கு எழுத்தர் வாசித்துக் காட்டவேண்டும். மாதம் ஒருமுறை சங்கத்தின் வாயிலில், இருப்பிலுள்ள சேலை, விற்ற சேலை, அரசாங்கத்தினிடமிருந்து வரவேண்டிய மானியம், வங்கிக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஆகிய நான்கு வரிகளை ஒட்டிவைக்க ஒரு தாளும் சிறிது பசையும் போதும். எழுத்தர்களுக்கு வேலை கூடுகிறது என்று முறையிடுவார்கள், கூடட்டும்.

நெருக்கடி நீங்கியதும் பிடித்தம் என்ன ஆகும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது உத்தமம். தற்காலிகம் என்று சொல்லி வரும் பிடித்தங்கள் தங்கிவிடும் குணமுடையவை என்பதை மேற்சொன்ன பத்தி காட்டுகிறது. மூன்று ஆண்டு என்று வரம்பு வைத்து, அப்பால் தொடர்வதானால் மகாசபை மீண்டும் வாக்களிக்கட்டும். ஆளுக்கு இத்தனை பங்கு சேர்ந்ததும் நின்றுவிடும் என்று வைத்தாலும் நல்லதே. சிலர் தாமே மனமுவந்து மேலும் கொடுக்க முன்வந்தால் அதை வைப்பாக ஏற்று வட்டி கொடுக்கலாம். கூடுதல் வாக்கு மட்டும் கிடையாது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பயிர்த்தொழில் அன்பர்கள், இது தறிக்காரர் சங்கதி என்று பக்கத்தைத் திருப்பிவிடவேண்டா. கடன் சங்கங்களிலும் இதே பேச்சு வரத்தான் போகிறது. ஆனால் அவர்களுக்கு மாதப் பிடித்தம் பொருந்தாது. நெல் விளைவிப்பவருக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறையே கையில் காசு புழங்குகிறது; மாதச் சந்தா என்றால் அவர் அதற்கும் கடன் வாங்கவேண்டிவரும். அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வரும்போது பிடிப்பதே முறை. மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்போருக்குக் கூடு விற்ற நாள், கரும்புக்காரருக்கு ஆலைப் பணம் வந்த நாள் என்று வைக்கலாம்.

நெசவாளரிலும் இந்தக் காலக் கணக்கு உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, கலியாணச் சேலைக்குக் கிராக்கியும் மந்தம். அம்மாதங்களில் முதற் பிடித்தத்தைத் தொடங்கும் சங்கம், எத்துணை நியாயமான தீர்மானம் செய்திருந்தாலும், அங்கத்தினரின் மனக்கசப்பையே முதல் வரவாக எழுதிக்கொள்ளும். மகாசபையை முன்கூட்டியே கூட்டி, துணைவிதித் திருத்தத்தைப் பதிவுக்கு அனுப்பி, பாஸ் புத்தகங்களை அச்சடித்து வைத்துக்கொள்வதற்கு இடையில் உள்ள மாதங்கள் போதும். தை பிறந்து, முகூர்த்தச் சேலைகளின் கூலி கைக்கு வரத் தொடங்கிய பின் முதல் 2 பைசாவை எழுதலாம்.